நாலு நம்பர்: கவுண்ட்டரில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில், நாலு இலக்க நம்பருக்குப் பணம் கட்டும் சீட்டு விற்கிற ஒரு நம்பர் கடையில் 2009 முதல் 2024 வரை கவுண்ட்டரில் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் என்னை விடவில்லை. பசாரில் மீன் வாங்க நிற்கும்போதும், கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போதும் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். அடுத்த குலுக்கலில் எந்த நம்பர் விழும் என்ற கேள்விக்கு மட்டும் இதில் இடமில்லை.

அக்கா, லாட்டரியும் நாலு நம்பரும் ஒண்ணா?

ஒரே குடும்பம், ஆனால் ஒன்றில்லை. பழைய லாட்டரியில் நம்பர் அச்சடித்த டிக்கெட் வரும். அதில் என்ன நம்பர் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை எதை வேண்டுமானாலும் நீங்களே சொல்லி எடுக்கலாம். கேட்க இது சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளை பிறந்த தேதி, வீட்டு நம்பர், காடி (கார்) பிளேட் எல்லாம் கடைக்குள் வந்தது இந்த வித்தியாசத்தால்தான்.

மலாய்க்காரர்கள் இதை 'எம்பாட் எக்கோர்' என்பார்கள். எக்கோர் என்றால் வால். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் 'பே பியோ', அதாவது குதிரைச் சீட்டு. குதிரைப் பந்தய கிளப்புகள் சீட்டு விற்ற காலத்தின் மிச்சம் அந்தச் சொல். சிங்கப்பூரில்கூட நாலு நம்பரை 1966 மே மாதம் தொடங்கி வைத்தது அங்கிருந்த பந்தய கிளப்தான்.

இங்கே உரிமம் பெற்று நடத்துபவை மேக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, டமாச்சாய் ஆகிய மூன்றும். குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. வருடத்தில் சில செவ்வாய்க்கிழமைகளில் ஸ்பெஷல் குலுக்கலும் உண்டு.

பெரிசு, சின்னதுன்னு கேக்குறாங்களே, எதைப் போடணும்?

பணம் கட்டுவதில் இரண்டு விதம் அவை. ஒரு குலுக்கலில் 23 நம்பர் வரும். பெரிசில் அந்த 23 நம்பருக்கும் பரிசு உண்டு. ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. ஸ்பெஷல் பத்து நம்பருக்குத் தலா 180, கொன்சோலேஷன் என்ற ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. சின்னதில் முதல் மூன்று நம்பருக்கு மட்டுமே பரிசு, ஆனால் தொகை கூடுதல்: 3,500, 2,000, 1,000. எதைப் போட வேண்டும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இரண்டுக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், நாலாவது பதிலில் பாருங்கள்.

ரிசல்ட் தாள்ல ஸ்பெஷல் வரிசையில மூணு இடத்துல வெறும் கோடு போட்டிருக்கே, ஏன்?

வருடக்கணக்காக நம்பர் எடுப்பவர்கள்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். முதல் பரிசு நம்பரை முதலில் குலுக்கி எடுப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தம் 23 நம்பர் குலுக்குகிறார்கள். அவற்றுக்கு ஏ முதல் டபிள்யூ வரை எழுத்து உண்டு. ஏ முதல் எம் வரை உள்ள 13 நம்பர் ஸ்பெஷல் வரிசைக்குப் போகும். மிச்சப் பத்தும் கொன்சோலேஷன். பிறகு அந்தப் பதின்மூன்றிலிருந்து மூன்று எழுத்தைக் குலுக்கி எடுத்து முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு கொடுக்கிறார்கள். அந்த மூன்றும் மேலே ஏறிவிடுவதால் ஸ்பெஷல் வரிசையில் அவற்றின் இடம் காலியாகிறது. கோடு அதற்குத்தான்.

சும்மா சுத்தி வளைக்காம சொல்லுங்க, எடுத்தா விழுமா விழாதா?

பத்தாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நம்பர், எதுவும் இரண்டு தடவை வரவில்லை, எல்லோரும் பெரிசில் ஒரு வெள்ளி. கடைக்கு வந்தது 10,000 வெள்ளி. பரிசாகத் திரும்பிப் போவது எவ்வளவு? முதல் மூன்றுக்கு 4,000, ஸ்பெஷலுக்கு 1,800, கொன்சோலேஷனுக்கு 600. மொத்தம் 6,400. ஒரு வெள்ளிக்கு 64 காசு. சின்னதில் இதே கணக்குக்கு 65 காசு. மிச்சம் இருக்கிற 36, 35 காசில்தான் அரசாங்க வரி, கடைக்காரர் கமிஷன், நிறுவனத்தின் செலவு, லாபம் எல்லாம்.

பத்தாயிரத்தில் 23 பேருக்கு ஏதாவது ஒரு பரிசு. அதாவது 435 பேருக்கு ஒருவர். ஒரே நிறுவனத்தில் வாரம் மூன்று குலுக்கலுக்கும் ஒரே ஒரு நம்பர் எடுத்து வந்தால், சராசரியாக இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது விழும். அது பெரும்பாலும் 60 அல்லது 180 வெள்ளியாகத்தான் இருக்கும். முதல் பரிசு என்றால் சராசரி 64 வருடம். பதினைந்து வருடத்தில் நான் பார்த்த முகங்களை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஒரே ஒரு நம்பர்ல விட்டுட்டேன்! அடுத்த தடவை கண்டிப்பா விழும்ல?

இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். ஒரு லாரி டிரைவர் அண்ணன் எங்கள் கடைக்கு வருவார். எப்போதும் 4718. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலில் 4719 வந்தது. மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். ரிசல்ட் தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, அந்த நம்பர்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்துவிட்டது, இனி வேறு எங்கும் போகாது என்றார். அதுவரை ஒரு வெள்ளி போட்டவர் அன்றிலிருந்து பத்து வெள்ளி போட்டார்.

பக்கத்தில் வருவது எவ்வளவு அபூர்வம் என்று அப்புறம் எண்ணிப் பார்த்தேன். ஒரு நம்பரில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறினால் 36 நம்பர் கிடைக்கும். நாலு இடம், ஒவ்வோர் இடத்திலும் வேறு ஒன்பது இலக்கம். பரிசு நம்பர் 23 என்பதால் 828 நம்பர்கள் 'ஒன்றில் விட்டவை'. இலக்கம் எல்லாம் சரி, வரிசைதான் மாறிவிட்டது என்று சொல்லக்கூடியவை இன்னும் முந்நூறு நானூறு. ஆக, ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறக்குறைய 1,200 நம்பர், அதாவது எட்டில் ஒரு நம்பர், மயிரிழையில் தப்பியதாகத் தோன்றும். மூன்று நிறுவனத்தின் ரிசல்ட்டையும் பார்ப்பவருக்கு மூன்றில் ஒரு நாள் அப்படித் தோன்றும்.

விழுவது 435இல் ஒன்று, விழப்போன மாதிரி இருப்பது எட்டில் ஒன்று. ஜனங்களை மறுபடி மறுபடி கடைக்குக் கொண்டுவருவது இந்த இரண்டாவது எண்தான் என்பது நான் கண்ணால் பார்த்தது. உருளைக்குள் இருக்கும் பந்துக்கு 4719க்குப் பக்கத்தில் 4718 இருப்பது தெரியாது.

ரொம்ப நாளா வராத நம்பர் சீக்கிரம் வந்துரும்னு சொல்றாங்களே?

போன தடவை என்ன வந்தது என்பது பந்துக்குத் தெரியாது. மேலே சொன்ன அதே விஷயம்தான். வாரம் மூன்று குலுக்கல் என்று வைத்தால், பத்து வருடம் முழுக்க ஒரு கொன்சோலேஷனில்கூட வராத நம்பர்கள் கணக்குப்படி ஒரு நிறுவனத்தில் சுமார் 270 இருக்கும். அது இயல்பு. அந்த 270க்கும் அடுத்த புதன்கிழமை மற்ற நம்பர்களுக்கு உள்ள அதே வாய்ப்புதான்.

கனவுல பாம்பு வந்துச்சுக்கா, என்ன நம்பர் எடுக்கிறது?

கடையில் படம் போட்ட கனவுப் புத்தகம் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். பக்கங்களின் ஓரம் எண்ணெய்க் கை பட்டுப் பழுப்பாகியிருக்கும். பாம்பு, பல் விழுவது, செத்துப்போனவர் சாப்பாடு கேட்பது என எல்லாவற்றுக்கும் ஒரு படமும் ஒரு நம்பரும் உண்டு. அது சீனர்களிடமிருந்து வந்தது. தோப்பேக்கோங் சாமி பெயரால் சொல்லப்படும் அந்தப் புத்தகத்துக்கு முன்பே, 'ஹுவா ஹோய்' என்று 36 பெயர்களில் ஒன்றை ஊகிக்கும் சூதாட்டம் தென்சீனாவில் இருந்தது. அதிலும் கனவுக்குப் பொருள் பார்த்துத்தான் பணம் வைத்தார்கள். 1835இல் மூன்றாம் ராமா காலத்தில் சயாமுக்கும் போனது. மலாயாவுக்கும் வந்தது.

நம் ஆட்கள் இதோடு நம்முடையதையும் சேர்த்துக்கொண்டார்கள். முனீஸ்வரன் கோயிலில் சாமி வந்தவரிடம் நம்பர் கேட்பது, விபத்தான காடியின் பிளேட்டை எழுதிக்கொண்டு வருவது. பெரிய விபத்து செய்தியில் வந்த மறுநாள் அந்த நம்பரை எடுக்க வந்தவர்களிடம் 'சோல்ட் அவுட்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு நம்பருக்கு இவ்வளவுதான் வாங்குவோம் என்று நிறுவனம் வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டினால் மெஷின் வாங்காது. அந்த நம்பர் விழப்போகிறது என்பது அதற்கு அர்த்தமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே நம்பர் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் பாம்புக் கேள்விக்கு நேரான பதில்: எல்லா நம்பருக்கும் ஒரே வாய்ப்பு. கனவை மதியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக ஒரு வெள்ளியைப் பத்து வெள்ளியாக்க வேண்டாம்.

இதையெல்லாம் மொதல்ல ஆரம்பிச்சது சீனனா வெள்ளைக்காரனா?

ஒருவர் என்று சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவெடுப்பது எல்லா ஊரிலும் இருந்தது. நம்மிடமும் இருந்தது. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தாலியின் ஜெனோவா நகரத்திலும் சில நூறு வருடம் கழித்து ஏறக்குறைய இதே மாதிரி நடந்தது. பெயர்களைப் போட்டுக் குலுக்கி ஐந்து பேரை நகர ஆட்சிக்கு எடுப்பார்கள். அங்கே ஜனங்கள் ஒன்று செய்தார்கள்: எந்த ஐந்து பெயர் வரும் என்று பணம் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பெயர் போய் எண் வந்தது, தொண்ணூறில் ஐந்து. உலகம் முழுக்க லோட்டோ என்று ஆடுவதற்கு வேர் அதுதான். குடம் ஒன்றுதான், அதைச் சுற்றி நின்றவர்கள் செய்தது வேறு. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது, கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வேன்.

பரிசுச் சீட்டு விற்றுப் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பது 15ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதி நகரங்களில் பரவியது. மதில் கட்டவும் ஏழைகளுக்கு உதவவும் விற்றார்கள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி துறைமுகங்களைச் செப்பனிட ஒரு லாட்டரி அறிவித்து 1569இல் குலுக்கினார். டிக்கெட் பத்து ஷில்லிங். சாதாரணக் கூலிக்காரர் வாங்க முடியாத விலை.

அப்ப நம்ம நாட்டுக்கு எப்படி வந்துச்சு?

வெள்ளைக்காரன் ஆட்சியின் தொடக்கத்திலிருந்தே சூதாட்டம் இங்கே கஜானாவுக்கு வருமானம். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பிறகு அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். கோலாலம்பூரில் சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோயின் சூதாட்டக் கொட்டகைகள் இன்றைய மேடான் பசார் பக்கம் இருந்தன. ஈயச் சுரங்கத் தொழிலாளி சம்பாதித்த காசு அங்கேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் இந்தக் குத்தகை 1912 வாக்கில்தான் நின்றது. ஆனால் 'சாப் ஜி கீ' என்று பன்னிரண்டில் ஒன்றை ஊகிக்கும் ஆட்டம் வீட்டுக்கு வீடு ஆள் வந்து காசு வாங்கிப் போகிற மாதிரி தொடர்ந்து நடந்தது. அதில் பெண்கள் அதிகம்.

1950களில் அரசாங்கமே சமூகநல லாட்டரி விற்கத் தொடங்கியது. 1990களின் தொடக்கம் வரை அது இருந்தது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது சம்பள நாளில் அந்த டிக்கெட் ஒன்று வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். நாலு நம்பரின் தொடக்கம் பற்றிச் சொல்லப்படும் கதை 1951இல் கெடாவில் நடக்கிறது. ஒரு பள்ளி மாணவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து இரண்டு இலக்கச் சீட்டுக் குலுக்கினானாம். இரண்டு மூன்றாகி, மூன்று நாலாகியது என்பார்கள்.

பிறகு எல்லாம் சட்டத்துக்குள் வந்தது. 1969இல் மேக்னத்துக்கு நாலு நம்பர் உரிமம் கிடைத்தது. அதே வருடம் அரசாங்கம் ஸ்போர்ட்ஸ் டோட்டோவைத் தொடங்கி, 1985இல் தனியாருக்குக் கொடுத்தது. டமாச்சாய் என்று இப்போது நாம் சொல்லும் நிறுவனம் 1988இல் வந்தது.

தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்களே, இங்க மட்டும் ஏன் விட்டு வச்சிருக்காங்க?

தமிழ்நாட்டிலும் அரசாங்கம்தான் விற்றது. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். கேரளா அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி முழுவதுமாகத் தடை செய்தது. கூலிக் குடும்பங்கள் கெட்டுப்போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இங்கேயும் எல்லா மாநிலத்திலும் விடவில்லை. கிளந்தானில் 1990இல் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆட்சிக்கு வந்த பிறகு கடைகள் இல்லை. 2023 தொடக்கத்தில் கெடா உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டது. அந்த வருடம் எங்கள் கடையில் சனிக்கிழமை வரிசை நீண்டது. சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் வந்து மூன்று பக்கம் எழுதிய நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். முழுத் தாமானுக்கும் (குடியிருப்புக்கும்) சேர்த்து எடுக்கிறாராம். இங்கிலாந்து 1826இல் அரசு லாட்டரியை ஒழித்து, 1994இல் மறுபடி கொண்டுவந்தது. மூடினால் ஆசை போய்விடும் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திறந்து வைத்தால் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. ஏழாம் தேதி சம்பளம் வாங்கிப் பத்தாம் தேதி கடன் கேட்பவர்களை நான் நேரில் பார்த்தவள்.

போன்ல எடுக்கிற அங்கிள் இருக்காரு. கழிவு தர்றாரு, கடனும் தர்றாரு. கடைக்கு ஏன் வரணும்?

சட்டவிரோதம் என்பது முதல் காரணம். 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் நடத்துபவரை மட்டுமல்ல, ஆடுபவரையும் பிடிக்கும். வரி கட்டாததால்தான் அவரால் கழிவு தர முடிகிறது. பெரிய பரிசு விழுந்தால் அவர் போனை எடுக்காமல் போகலாம். உங்கள் கையில் டிக்கெட் இல்லை, யாரிடமும் முறையிட முடியாது.

ஆனால் நான் பயப்படுவது அவர் தரும் கடனுக்குத்தான். கடையில் கையில் உள்ள காசோடு ஆட்டம் நின்றுவிடும். போனில் நிற்காது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் மூன்று மாதம் மூடியிருந்தபோது போனுக்கு மாறிய இரண்டு மூன்று பேர் எனக்குத் தெரியும். திறந்த பிறகு அவர்கள் கடைக்குத் திரும்பவில்லை. கடன் அவர்களை அங்கேயே பிடித்து வைத்திருந்தது.

என் கூட்டாளி முஸ்லிம். அவருக்காக நான் எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் விற்கக் கூடாது. நடுவில் நீங்கள் நின்றால் அவருக்கு ஷரியா சட்டப்படி குற்றம், உங்களுக்கும் சங்கடம்.

அடிச்சா வரி உண்டா? எத்தனை நாளைக்குள்ள வாங்கணும்?

பரிசுப் பணத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டாம். குலுக்கல் நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். சின்னப் பரிசைக் கடையிலேயே தருவார்கள். பெரிய பரிசுக்கு அடையாள அட்டையோடு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். டிக்கெட்டை காடி கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், வெயில் பட்டால் முழுக்கக் கறுத்துப்போகும் அல்லது எழுத்து மங்கிவிடும்.

ஜாக்பாட் ரெண்டு கோடி வெள்ளிக்கு ஏறிடுச்சு. இப்ப எடுத்தா லாபம்தானே?

58இல் ஆறு எண்ணைச் சரியாகச் சொல்லும் ஆட்டத்தில் 4,04,75,358 விதமான சேர்க்கை உண்டு. நான்கு கோடிக்கும் மேல். மலேசியாவில் உள்ள மொத்த ஜனத்தொகையைவிட அதிகம். இந்த நாட்டில் இருக்கும் ஒருவரை நான் மனசில் நினைத்து, அவர் யார் என்று உங்களை ஒரே தடவையில் சொல்லச் சொல்வதைவிடக் கடினம். பரிசு ஏற ஏற எடுப்பவர்களும் கூடுவார்கள். இரண்டு பேருக்கு விழுந்தால் பங்கு போட வேண்டும். எல்லோரும் பிறந்த தேதி போடுவதால் 1 முதல் 31 வரை உள்ள எண்களில் கூட்டம் அதிகம், அங்கே விழுந்தால் பங்காளிகளும் அதிகம் இருக்கலாம். நாலு நம்பரில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே பரிசு நிலையானது.

கணக்குப் போட்டு ஜெயிச்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?

இருக்கிறார்கள். பாரிஸில் 1729 வாக்கில் எழுத்தாளர் வால்டேரும் கணிதம் தெரிந்த லா கொண்டமீன் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து அரசாங்க லாட்டரியில் பெரும் பணம் சேர்த்தார்கள். அரசாங்கம் தப்பாகக் கணக்குப் போட்டு, மொத்த டிக்கெட் விலையைவிடப் பரிசுத் தொகையைக் கூடுதலாக வைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்து டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்தார்கள்.

நாலாவது பதிலில் பத்தாயிரம் நம்பரையும் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். 3,600 வெள்ளி நட்டம். அந்தக் கணக்கில் ஓட்டை இல்லை. சிஸ்டம் விற்பவர், கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்பவர், வாட்ஸ்அப்பில் மாதச் சந்தா கேட்பவர் யார் வந்தாலும் இந்த 3,600ஐ எப்படி மாற்றினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு தெரிஞ்சும் படிச்சவங்ககூட எடுக்கிறாங்களே, ஏன்?

பேராசை என்று சொல்வார்கள். கவுண்ட்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெரும்பாலானோர் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிதான் போடுவார்கள். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்கள். யாருக்குப் போன வாரம் அடித்தது, அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் செத்துப்போன அம்மா வருவார், பழைய தோட்டத்து லயன் வீட்டு நம்பர் வரும், விற்றுவிட்ட முதல் காடி வரும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடில்லாமல் போனவர் அந்த லயத்து நம்பரை வாரம் மூன்று தடவை உச்சரிக்க வேறு இடம் எங்கே இருக்கிறது? நாலு நம்பர் நீடித்து நிற்பதற்கு நான் கண்ட காரணம் இது. அச்சடித்த லாட்டரி போய்விட்டது, சொந்த நம்பர் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாதம் 2,000 வெள்ளி சம்பளத்தில் வாடகை கட்டுபவருக்கு வீடு வாங்கும் வழி வேறு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேமித்து அடையும் தூரத்தில் வீடு இருந்தால் சேமிப்பார்கள். இல்லாதபோது பத்தாயிரத்தில் ஒன்றுகூடக் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். அவர்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் வீட்டுக்காரர் வாரம் 200 வெள்ளி போடுறாரு. எப்படி நிறுத்துறது?

முதலில் கணக்கை உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள், சண்டைக்காக இல்லை. வாரம் 200 என்றால் வருடம் 10,400. சராசரியாகப் பார்த்தால் 3,700 வெள்ளிக்கு மேல் போய்விடும். ஆனால் சராசரி ஆளுக்கு ஆள் மாறும். பெரிய பரிசு விழாத வருடங்களில் போவது இதைவிட அதிகம். ஜெயித்ததை மட்டும் சொல்லி, தோற்றதைச் சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் பழக்கம். ஒரு நோட்டில் இரண்டையும் எழுத ஒப்புக்கொண்டாலே பாதி வழி வந்த மாதிரி.

கடன் இருந்தால், முக்கியமாக உரிமமில்லாத வட்டிக்காரரான ஆ லோங்கிடம் கடன் இருந்தால், மறைக்காதீர்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய ஏகேபிகே அமைப்பு கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. அவர் மனசு உடைந்து பேசினால் மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழையுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. விட்டதைப் பிடிக்க ஒரே ஒரு தடவை என்று கேட்டால் மட்டும் காசு கொடுக்காதீர்கள். அந்த லாரி அண்ணனுக்கு அவர் தம்பி அப்படிக் கொடுத்தார், மூன்று தடவை.

அப்பா போயிட்டாரு. சட்டைப் பையில ஏழு டிக்கெட் இருந்துச்சு. தூக்கிப் போட்டுறலாமா?

போடாதீர்கள். டிக்கெட்டில் பெயர் கிடையாது, கொண்டுவருபவருக்குத்தான் பணம். தேதியைப் பாருங்கள். மேலே சொன்ன ஆறு மாதம் தாண்டவில்லை என்றால் கடையில் கொடுத்தால் மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

இதைக் கேட்டவர் செபராங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. நாலாக மடித்த ஏழு டிக்கெட். பிரித்து வைத்தால் ஏழிலும் ஒரே நம்பர். ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தேன், எதிலும் பரிசு இல்லை. இது என்ன நம்பர் தெரியுமாம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் பிளேட், அதில்தான் என்னைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார் என்றாள். ஏழையும் நீவி ஓர் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வை என்று சொல்லிக் கொடுத்தேன்.